இரண்டு கையொப்பங்கள்: விமானிக்கும் டிஸ்பேட்சருக்கும் இடையே அதிகாரம் பங்கிடப்பட்ட வரலாறு

அமெரிக்காவில் கால அட்டவணைப்படி பறக்கும் பெரிய பயணிகள் விமானம் எதுவும் ஒருவர் முடிவில் மட்டும் கிளம்பிவிடுவதில்லை. இருவர் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கேப்டன். அவரைப் பயணிகளுக்குத் தெரியும். அவர் குரலையும் கேட்டிருப்பார்கள். மற்றவர் பல நூறு மைல்களுக்கு அப்பால், நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் நாலைந்து திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் டிஸ்பேட்சர். எந்த வழியில் பறப்பது, எவ்வளவு எரிபொருள் நிரப்புவது, இறங்க முடியாமல் போனால் எந்த ஊருக்குத் திரும்புவது என்பதையெல்லாம் கணக்கிட்டுத் தருபவர் அவர். விமானம் ஏறிய பிறகும் அது தரையைத் தொடும்வரை அவர் கண் அதன்மேல்தான். ஓடுபாதையையும் வான்வழியையும் ஒழுங்குசெய்யும் அரசின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேறு, இவர் வேறு. கேப்டனுக்கும் டிஸ்பேட்சருக்கும் இடையே நெடுநாளாக ஒரு பூசல் உண்டு. ‘மேசையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறவர்’ என்று ஒரு தரப்பு சொல்லும். ‘தன் ஜன்னலுக்கு வெளியே இருப்பது மட்டுமே வானிலை என்று நினைக்கிறவர்’ என்று மறுதரப்பு சொல்லும். இதைப் பெரும்பாலானோர் சுபாவ மோதலாகவோ சம்பள வித்தியாசத்தால் வந்த பொறாமையாகவோ பார்க்கிறார்கள். வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்தப் பூசல் சட்டம் தெரிந்தே உண்டாக்கிய ஏற்பாட்டிலிருந்து பிறந்தது. விமானங்கள் விழுந்தது இருவரும் வாதிட்டபோது அல்ல. ஒருவர் வாய் திறக்காதபோது, அல்லது திறக்க முடியாத இடத்தில் வைக்கப்பட்டிருந்தபோது.

டிஸ்பேட்சர் என்ற பதவி தோன்றுவதற்கு முன்பே சண்டை தோன்றிவிட்டது. 1919 ஜூலையில், நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க் திடலிலிருந்து அஞ்சல் மூட்டைகளோடு பறக்க வேண்டிய விமானிகள் இருவர், மூடுபனி அடர்ந்திருந்ததால் ஏற மறுத்தார்கள். அஞ்சல் துறையில் விமானப் பிரிவை நடத்திய ஆட்டோ பிரேகர் அவர்களை வேலையிலிருந்து நீக்கினார். மற்ற விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில நாட்களில் சமரசம் ஏற்பட்டது; பறக்கலாமா கூடாதா என்பதை வாஷிங்டனிலுள்ள அலுவலகம் தீர்மானிக்கும் வழக்கம் தளர்ந்து, திடலின் பொறுப்பாளர் பார்த்து முடிவு செய்வது என்றாயிற்று. கண்ணுக்கெட்டாத தூரத்தில் அமர்ந்து, தன் உயிரைப் பணயம் வைக்காமல், ‘பற’ என்று ஆணையிடும் ஒருவர்: விமானிகளின் நினைவில் தரை அதிகாரி என்பவர் இப்படித்தான் பதிந்தார். 1931இல் டேவிட் பென்கே தலைமையில் விமானிகள் சங்கம் அமைந்தபோது அது எடுத்துக்கொண்ட முழக்கமும் அட்டவணையோடு பாதுகாப்பையும் சேர்த்தே பேசியது. பிற்காலத்தில் டிஸ்பேட்சர் மீது விமானிகள் காட்டிய ஐயத்தின் வேர் இங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

1935 மே 6ஆம் நாள் அதிகாலையில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் டிசி-2 விமானம் ஒன்று மிசௌரி மாநிலத்தில் விழுந்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அல்புகர்க்கி வழியாகக் கன்சாஸ் சிட்டிக்கு வந்துகொண்டிருந்த விமானம் அது. இரவில் பயன்படுத்த வேண்டிய அலைவரிசையில் அதன் வானொலி சரியாக வேலை செய்யவில்லை. அப்படியும் அது அல்புகர்க்கியைத் தாண்டி அனுப்பப்பட்டது. கன்சாஸ் சிட்டியில் மேகம் தாழ்ந்து இறங்க முடியாமல் போயிற்று. எரிபொருள் குறைந்துகொண்டே வர, வேறு திடலைத் தேடித் தாழப் பறந்தபோது விமானம் தரையில் மோதியது. நியூ மெக்சிகோவின் செனட்டர் பிரான்சன் கட்டிங் உட்பட 5 பேர் இறந்தார்கள். செனட்டர் ஒருவரே இறந்துவிட்டதால் ராயல் கோப்லாண்ட் தலைமையில் செனட் குழு விசாரணையில் இறங்கியது. 1936-37 குளிர்காலத்திலும் விபத்துகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. இவற்றின் விளைவாக 1938இல் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ‘வான்பணியாளர்’ என்ற சொல்லுக்குத் தந்த வரையறைக்குள் விமானியோடு டிஸ்பேட்சரும் சேர்க்கப்பட்டார். ஒருநாளும் தரையை விட்டு எழும்பாத ஒருவர் வான்பணியாளர் ஆனார். இதை வெறும் சொல் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உரிமம் அவருடைய சொந்தப் பெயரில் இருக்கிறது. தவறினால் பறிபோவது அவருடைய பிழைப்பு. ஆகவே முதலாளி அழுத்தினாலும் ‘முடியாது’ என்று சொல்ல அவருக்கு ஒரு சட்டப் பிடிமானம் கிடைத்தது.

இன்று நடைமுறையிலுள்ள அமெரிக்க விதிகளும் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. புறப்பாட்டுக்கு முந்தைய திட்டமிடலுக்கும், தாமதப்படுத்துவதற்கும், புறப்பாட்டு அனுமதிக்கும் கேப்டனும் டிஸ்பேட்சரும் கூட்டாகப் பொறுப்பு. பயணம் பாதுகாப்பாக முடியும் என்று இருவரும் நம்பினால் மட்டுமே கையெழுத்திடலாம். பறந்துகொண்டிருக்கையில் இருவரில் எவர் ஒருவருக்கு ‘இது ஆகாது’ என்று தோன்றினாலும் அந்த இடத்தை நோக்கித் தொடர்ந்து போகக் கூடாது. அதைவிடப் பாதுகாப்பான வழி வேறில்லை என்று கேப்டன் கருதினால் மட்டும் விலக்கு. ‘சரி’ சொல்ல இருவர் வேண்டும், ‘வேண்டாம்’ சொல்ல ஒருவர் போதும் என்பதே இதன் பொருள். இப்படி ஓர் ஏற்பாட்டில் உரசல் வராமல் இருக்காது. ஒரு கேப்டன் கூடுதலாக இரண்டு டன் எரிபொருள் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை கூடினால் சில பயணிகளையோ சரக்கையோ இறக்க வேண்டியிருக்கும் என்று டிஸ்பேட்சர் சொல்வார். ஏன் தேவை, ஏன் தேவையில்லை என்று இருவரும் காரணம் காட்டியாக வேண்டும். அந்த ஐந்து நிமிட வாக்குவாதம் வீண் சச்சரவல்ல. அதைத்தான் சட்டம் வேண்டியது.

அந்த வாதம் நடக்க இடமில்லாதபோது என்ன ஆகிறது? 1989 மார்ச் 10ஆம் நாள் கனடாவின் டிரைடன் ஊரில் ஏர் ஒண்டாரியோவின் ஃபோக்கர் எஃப்-28 விமானம் மேலேறிய சில நொடிகளில் காட்டுக்குள் விழுந்து, 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். விமானத்தின் துணை மின்விசை இயந்திரம் பழுதாகியிருந்தது. டிரைடனிலோ நின்ற எஞ்சினை மறுபடி இயக்க உதவும் தரைக்கருவி கிடையாது. எனவே எரிபொருள் நிரப்பும்போதும் ஓர் எஞ்சினை ஓடவிட வேண்டியதாயிற்று. எஞ்சின் ஓடுவதால் இறக்கையில் படிந்த பனியை நீக்கும் வேலையும் நடக்கவில்லை. அந்தப் பழுதோடு அந்த ஊர் வழியாக விமானத்தை அனுப்பலாமா என்ற கேள்வி காலையில் புறப்படும் முன்பே தரையில் எழுந்திருக்க வேண்டும். நீதிபதி மோஷான்ஸ்கி 1992இல் அளித்த அறிக்கை விமானியின் பிழையோடு நிற்கவில்லை. போதிய பயிற்சி தரப்படாத டிஸ்பேட்சர்களையும், பிழைகள் மலிந்த புறப்பாட்டுத் தாள்களையும் ஆராய்ந்து, மொத்தம் 191 பரிந்துரைகளை முன்வைத்தது.

டிரைடன் விபத்துக்கு அடுத்த ஆண்டே, 1990 ஜனவரி 25 அன்று, கொலம்பியாவின் அவியான்கா 52 நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் மடிந்தார்கள். மூன்று முறை காத்திருக்க வைக்கப்பட்டு, மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் அது வானில் சுற்றியது. அவசர நிலையை விமானிகள் தெளிவாக அறிவிக்கவில்லை என்பது எல்லோரும் அறிந்த காரணம். ஆனால் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் துணைக்காரணமாக எழுதியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: வழியில் உதவக்கூடிய டிஸ்பேட்ச் அமைப்பை விமானிகள் பயன்படுத்தவேயில்லை. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் ‘கையில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது, ஏன் இன்னும் பாஸ்டனுக்குத் திரும்பவில்லை’ என்று தரையிலிருந்து கேட்க ஆளில்லை.

2016 நவம்பர் 28இல் லாமியா நிறுவனத்தின் விமானத்துக்கு நேர்ந்த விபத்து இன்னும் கொடியது. பிரேசிலின் சாப்பகோயன்சி கால்பந்து அணியை ஏற்றிச் சென்ற விமானம் கொலம்பியாவின் மெதயின் அருகே எரிபொருளின்றி விழுந்து 71 பேர் இறந்தார்கள். பொலிவியாவில் தாக்கல் செய்யப்பட்ட பறப்புத் திட்டத்தில் பயண நேரம் 4 மணி 22 நிமிடம். எரிபொருள் தாங்கும் நேரமும் அதே 4 மணி 22 நிமிடம். விமான நிலைய அலுவலர் ஒருவர் அந்த எண்களைச் சுட்டிக்காட்டி ஆட்சேபித்தார், பலனில்லை. அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தவர் நிறுவனத்தின் டிஸ்பேட்சரே. கேப்டனோ அந்த நிறுவனத்தின் பங்குதார முதலாளிகளில் ஒருவர். முதலாளியிடம் எந்த டிஸ்பேட்சர் மறுத்துப் பேசுவார்? அந்த டிஸ்பேட்சரும் அதே விமானத்தில் ஏறினார், அதிலேயே இறந்தார். டிஸ்பேட்சர் என்று பதவி மட்டும் இருந்து, மறுக்கும் உரிமை இல்லாவிட்டால் அந்தப் பதவியால் ஒரு பயனுமில்லை.

விமானிகள் தரப்பின் ஆட்சேபங்களை ஒதுக்கிவிட முடியாது. விமானம் விழுந்தால் சாவது கேப்டன், ஆகவே இறுதிச்சொல் அவருடையதாக இருக்க வேண்டும் என்பது முதலாவது. சட்டம் இதை மறுக்கவில்லை. நெருக்கடி நேரத்தில் விதிகளை மீறவும் கேப்டனுக்கு அதிகாரம் உண்டு. கூட்டுப்பொறுப்பு கட்டுப்படுத்துவது நெருக்கடிக்கு முந்தைய அமைதியான மணித்துளிகளை. இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. டிஸ்பேட்சர் நிறுவனத்தின் சம்பளக்காரர், அட்டவணையின் குரலாகவே பேசுவார் என்கிறார்கள். 2000 ஜனவரி 31 அன்று விழுந்த அலாஸ்கா 261 விமானத்தின் காக்பிட் ஒலிப்பதிவு இதற்குச் சான்றாகக் காட்டப்படும். வால்பகுதிக் கட்டுப்பாடு சிக்கிக்கொண்ட நிலையில் கேப்டன் லாஸ் ஏஞ்சலஸில் இறங்க விரும்புகிறார். பாதுகாப்புக்காக என்றால் இறங்கலாம் என்று சொல்லும் டிஸ்பேட்சர், அங்கே இறங்கினால் மறுபடி கிளம்ப ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். கேப்டனின் எரிச்சல் பதிவில் தெரிகிறது. விபத்துக்குக் காரணம் போதிய உயவெண்ணெய் இடப்படாமல் தேய்ந்த திருகு அமைப்பு. ஆனாலும் அந்த உரையாடல் விமானிகளின் பழைய ஐயத்தை உறுதிப்படுத்தியது நியாயமே. 1999இல் லிட்டில் ராக்கில் ஓடுபாதையைத் தாண்டி ஓடி 11 பேரைப் பலிகொண்ட அமெரிக்கன் 1420க்கும், இடிமழை வருமுன் விரைந்து இறங்கிவிடலாம் என்ற யோசனை தரையிலிருந்துதான் போயிருந்தது. டிஸ்பேட்சரும் பிழை செய்வார், அழுத்தமும் தருவார், மறைப்பதற்கில்லை. ஆனால் கேப்டனும் அதே முதலாளியிடம்தான் சம்பளம் வாங்குகிறார். அழுத்தத்துக்கு மருந்து ஒரு கையொப்பத்தை நீக்குவதல்ல. டிஸ்பேட்சரின் உரிமத்தை நிறுவனத்தின் பிடியிலிருந்து மேலும் விடுவிப்பதே.

ஐரோப்பாவில் இத்தகைய உரிமம் கட்டாயமில்லை, பொறுப்பும் கூட்டாக இல்லை, அங்கே விமானங்கள் பாதுகாப்பாகத்தானே பறக்கின்றன என்று கேட்கலாம். உண்மைதான். பெரிய நிறுவனங்கள் தாமாகவே வலுவான கட்டுப்பாட்டு மையங்களை வைத்திருக்கின்றன. ஆனால் லாமியா போன்ற சிறு நிறுவனத்துக்குத் தானாக முன்வரும் நல்லெண்ணம் போதாது. சட்டம் தேவைப்படுவது அங்கேதான்.

பூசலைவிட மௌனம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2013 ஆகஸ்ட் 14ஆம் நாள் விடியற்காலையைக் காட்டலாம். யூபிஎஸ் சரக்கு விமானம் ஒன்று அலபாமாவின் பர்மிங்ஹாமை நெருங்கியது. நீளமான பிரதான ஓடுபாதை பராமரிப்புக்காக 4 மணி முதல் 5 மணி வரை மூடப்பட்டிருந்தது. எஞ்சியது குட்டையான ஓடுபாதை. அதில் இறங்க உதவும் கருவி வழிகாட்டலும் துல்லியம் குறைந்தது. டிஸ்பேட்சருக்கு இது தெரியும். விமானிகளிடம் அதைப்பற்றி அவர் பேசவில்லை. அவர்களும் கேட்கவில்லை. 4.47க்கு, பிரதான ஓடுபாதை திறக்க 13 நிமிடம் இருக்கையில், விமானம் குன்றில் மோதி இரு விமானிகளும் இறந்தார்கள். முதன்மைப் பிழை விமானிகளுடையது என்றே வாரியம் எழுதியது. ஆயினும் டிஸ்பேட்சர்களுக்கான ஆண்டுப் பயிற்சியில் விமானிகளும் கலந்துகொள்ள வேண்டும், இருவரும் திறந்து பேசப் பழக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இதற்கு நேர்மாறான காட்சியும் வரலாற்றில் உண்டு. 2001 செப்டம்பர் 11 காலை, 16 விமானங்களைக் கவனித்துக்கொண்டிருந்த யுனைடெட் டிஸ்பேட்சர் ஒருவர், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், காக்பிட்டுக்குள் எவரும் நுழையாமல் பார்த்துக்கொள்ளும்படி 9.19 முதல் ஒவ்வொரு விமானத்துக்கும் செய்தி அனுப்பினார். 9.24க்கு அது யுனைடெட் 93ஐ எட்டியது. 9.26க்கு அதன் கேப்டன், டிஸ்பேட்சரைப் பெயர் சொல்லி அழைத்து, செய்தியை உறுதிப்படுத்தும்படி கேட்டு எழுதினார். 9.28க்குக் கடத்தல்காரர்கள் பாய்ந்தார்கள். எச்சரிக்கை காப்பாற்றவில்லை. ஆனால் தரையும் வானும் ஒரே வேலையின் இரு கைகளாக இயங்கிய அந்த நான்கு நிமிடங்களை இரு தொழிலாளரும் மறக்கக் கூடாது.

அமெரிக்க விதிப்படி ஒவ்வொரு டிஸ்பேட்சரும் ஆண்டுக்கு 5 மணி நேரமாவது காக்பிட்டில் உட்கார்ந்து விமானிகளின் வேலையை நேரில் பார்க்க வேண்டும். விமானி ஒரு மணி நேரமாவது டிஸ்பேட்ச் அறையில் உட்கார வேண்டும் என்று அந்த விதிகள் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தையும் விதியாக்க வேண்டும்.