தட்டைத் தலை (குழந்தைகளில்)

கைக்குழந்தையின் மண்டை ஒரே இடத்தில் தொடர்ந்து அழுந்துவதால் பின்புறமோ ஒரு பக்கமோ தட்டையாகும் நிலை. முதல் மாதங்களில் மண்டை எலும்புகள் மென்மையாகவும் இணையாமலும் இருப்பதால் இது நேர்கிறது. குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து உறங்கச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் அறிவுறுத்தியது. அதன்பின் அந்நாட்டில் உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன; ஆனால் மல்லாந்து உறங்கும் குழந்தைகளிடம் தட்டைத் தலை கூடியது. உயிரோடு ஒப்பிட்டால் இது சிறிய விலைதான். எனவே மல்லாந்த உறக்கத்தை மாற்றக் கூடாது.

மூளை வளர்ச்சியைத் தட்டைத் தலை தடுப்பதில்லை. தட்டைத் தலையுள்ள சில குழந்தைகளிடம் அசைவுத் திறன்கள் தாமதமாவது காணப்பட்டாலும், தலை வடிவமே அதற்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. கடுமையானால் ஒரு காது முன்தள்ளி, நெற்றி சற்றுப் புடைக்கும்.

விழித்திருக்கையில், பெரியவர் கண்காணிப்பில் குப்புறப் படுக்கவைப்பதும், தலை திரும்பும் பக்கத்தை மாற்றுவதும் முதல் சிகிச்சை. கழுத்துத் தசை இறுகியிருந்தால் இயன்முறைப் பயிற்சி தேவை. தலையணை கூடாது, மூச்சுத் திணறும். நெதர்லாந்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வொன்றில், மிதமான, கடுமையான நிலைகளில் தலை வடிவைத் திருத்தும் தலைக்கவசம் அணிந்த குழந்தைகளும் அணியாத குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்கே தேறினர். மண்டை எலும்புகளின் பொருத்துகள் முன்கூட்டியே மூடிக்கொண்டு தலை வடிவம் மாறுவது வேறு நோய். அதற்கு அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும்.