சிறு பழுதும் பெருங்கடலும்

தண்ணீர்மலையின் மேற்படியில் நின்று கிழக்கு நோக்குவோர்க்கு ஜார்ஜ் டவுன் நகரும், அதற்கப்பால் கடலும் ஒருங்கே தோன்றும். 1914ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் வைகறையில், பொய்ப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்த ஜெர்மானிய எம்டன் கப்பல், அத்துறைமுகத்திலேதான் ஜெம்சுக் என்னும் ருஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதற்கு முந்திய மாதம் சென்னையைக் குண்டுகளால் கலக்கிய அதே எம்டன் இது. ஜெம்சுக் என்ற ருஷ்யச் சொல்லுக்கு முத்து என்பது பொருள். தமிழன் முத்துக்காகக் கடலில் மூழ்கினான்; பினாங்கிலோ முத்தே மூழ்கியது! பின்னர் மூழ்காளர்கள் இறங்கி அக்கப்பலின் பீரங்கிகள் சிலவற்றை மீட்டனர்.

எம்டன் என்ற பெயர் நம் பேச்சில் நிலைத்துவிட்டது. கடலடிக்கு இறங்கி ஏறியவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. அவர்களுடைய கருவிகளின் சரித்திரத்தை ஆராயுமிடத்து, அது பெரும் புதுமைகளின் சரித்திரம் என்பதினும், சிறு பழுதுகளைக் கண்டு திருத்தியதன் சரித்திரம் என்பதே பொருந்தும். அச்சரித்திரத்துட் சிலவற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

கருவியே இல்லாத காலத்தை முதலிற் காண்போம். கொற்கை முதலாக மன்னார் வளைகுடா வரை முத்தெடுத்த தமிழனுக்கு உதவியவை ஒரு கல், ஒரு கயிறு, ஒரு வலைப்பை, தன் மூச்சு ஆகிய இவையே. 1905ஆம் ஆண்டில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற பெருங்குளிப்பில் ஏறத்தாழ 5,000 பேர் மூழ்கினர் என்பர். அவருள் தமிழரும் உண்டு, அராபியரும் உண்டு. மூழ்கினவன் கயிற்றை அசைத்தால், படகில் இருப்பவன் அக்கணமே இழுத்தல் வேண்டும். அக்கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பார்கள் என்று நம்மவரிடையே ஒரு செய்தி வழங்குகிறது. தன் உடன்பிறந்தாள் தாலியறுக்க எவனும் சம்மதியான் அன்றோ? கீழிருப்பவன் காட்டும் குறிப்பை மேலிருப்பவன் மதித்தாலன்றி உயிரில்லை என்பதை நம் முன்னோர் இவ்வாறு அறிந்திருந்தனர்.

இவ்வறிவைப் பெறாதார்க்கு நேர்ந்த கதி யாது? 1782ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் துறையில் 100 பீரங்கிகளைத் தாங்கிய ராயல் ஜார்ஜ் என்னும் கப்பல் நின்றது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்த ஒரு தண்ணீர்க் குழாயைப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. அற்ப வேலைதான். அதற்காகப் பீரங்கிகளை ஒருபுறமாகத் தள்ளிக் கப்பலைச் சாய்த்தார்கள். சாய்ந்த பக்கத்துத் துளைகளின் வழியே நீர் புகுந்தது. கப்பல் தச்சன் ஒருமுறைக்கு இருமுறை சென்று எச்சரித்தும், காவலிலிருந்த அதிகாரி அவனை அதட்டி அனுப்பினார் என்று உயிர் தப்பிய மாலுமி ஒருவர் பின்னாளில் உரைத்தார். கடற்படை விசாரணை மன்றமோ, மரம் உளுத்திருந்ததே காரணம் என்றது. எதுவாயினும், ஆண், பெண், குழந்தை என 800க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் கடற்படைத் தலைவர் கெம்பன்பெல்ட்டும் ஒருவர். கடல் பதவியைப் பார்ப்பதில்லை.

மூழ்குங் கருவி நற்கருவியாய் முதிர்ந்தது இக்கப்பலின் எலும்புக்கூட்டின் மேலேதான் என்பது வியப்பு. 1830களில் டீன் சகோதரர்கள் செப்புத் தலைக்கவசம் அணிந்து அங்கே இறங்கினர். மேலிருந்து பம்பு அடிக்கும் காற்று கவசத்துள் வந்து, சட்டையின் கீழ் விளிம்பு வழியாக வெளியேறும். நேரே நிற்குமளவும் தொல்லையில்லை. குனிந்தாலோ இடறி விழுந்தாலோ தண்ணீர் உட்புகுந்துவிடும். 1839 முதல் 1843 வரை அங்கே வேலை நடத்திய கர்னல் பாஸ்லி பல உடைகளைப் பரீட்சை செய்தார். கவசத்தை உடல் முழுதும் மூடிய நீர்புகா உடையோடு இணைத்து, காற்று வெளியேற வால்வு ஒன்றை வைத்து அகஸ்டஸ் சீபே செய்த உடையே சிறந்ததாயிற்று.

அதிலும் ஒரு குறை நின்றது. ஒருநாள் ஒரு சிப்பாயின் காற்றுக்குழாய் வெடித்தது. உடனே கவசத்திலிருந்த காற்று மேல்நோக்கிப் பாய, கடலின் அழுத்தம் அவன் உடலை நெரித்தது. முகம் வீங்கிக் குருதி கசிய அவனை மேலேற்றினர். இதற்குப் பரிகாரம், குழாய் கவசத்தைச் சேருமிடத்தில் காற்றை உள்ளே மட்டும் விட்டு வெளியே விடாத ஒருவழி வால்வு. உள்ளங்கையில் அடங்கும் பொருள். அதுவே பின்வந்த பல மூழ்காளரின் உயிர்க்காவல்.

முதுகிலேயே காற்றைச் சுமந்து செல்லும் கருவியின் கதையும் இத்தகையதே. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி கூஸ்டோ, எமில் காஞ்ஞான் என்னும் எஞ்சினியரை 1942இன் இறுதியில் பாரீசில் சந்தித்தார். அது பெட்ரோல் பஞ்சமான போர்க்காலம். தமிழ்நாட்டில் பஸ்கள் கரிவாயுவில் ஓடியதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிரான்சிலும் அதே நிலை. மோட்டாருக்கு எரிவாயுவை அளந்துவிடக் காஞ்ஞான் செய்திருந்த கருவியே, மூழ்குபவனுக்கு வேண்டும்போது மட்டும் காற்றளிக்கும் ரெகுலேட்டராக மாற்றப்பட்டது.

1943 ஜனவரியில் மார்ன் ஆற்றுக் குளிர்நீரில் அதைச் சோதித்தனர். படுத்து நீந்தினால் ஒழுங்காக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணே பீறிட்டது. தலைகீழானால் மூச்சு முட்டியது. காரணத்தைக் காஞ்ஞான் விரைவிலேயே கண்டுகொண்டார். காற்றை அளந்துவிடும் ரப்பர்ச் சவ்வு முதுகிலும், மூச்சு வெளியேறும் துளை வாயருகிலும் இருந்தன. நீரில் ஆழத்துக்கேற்ப அழுத்தம் மாறும் ஆதலின், இரண்டுக்கும் இடையிலிருந்த சாணளவு உயரமே துலாக்கோலைக் கெடுத்தது. வெளியேறும் துளையைச் சவ்வின் அருகிலேயே வைத்தார்கள். பழுது நீங்கியது. அவ்வாண்டு ஜூனில் கூஸ்டோ மத்தியதரைக் கடலில் மீனைப்போல் நீந்தினார்.

ரப்பர் என்றதும் நம் நெஞ்சம் தோட்டத்தை நாடுகிறது. பழைய மூழ்குடை இரண்டு துணிகளுக்கிடையே ரப்பர்த் தகடு வைத்துச் செய்தது. 1877இல் சிங்கப்பூர் வந்த கன்றுகளிலிருந்து பெருகிய மலாயாத் தோட்டங்கள், பின்னாளில் உலக ரப்பரிற் பெரும்பங்கை அளித்தன. கருக்கலில் எழுந்து பால்வெட்டிய நம்மவர், தாம் காணாத கடல்களில் இறங்கியவர்களின் மூச்சையும் காத்தனர் எனின் அது மிகையன்று.

இன்று பெரும்பாலும் செயற்கை ரப்பரே வழங்குகிறது. உருளையில் காற்று வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். உருளை வாய்க்கும் ரெகுலேட்டருக்கும் இடையே அதைத் தடுத்து நிற்பது மோதிரம் போன்ற ஒரு ரப்பர் வளையம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் எழுபது வயதைக் கடந்தபின், 1937இல், இவ்வகை வளையத்துக்கு உரிமை கோரினார். அழுத்தம் மிக மிக வளையம் இடுக்கில் இறுகுவதே அதன் சூட்சுமம். ஒரு மணல் துகளோ சிறு வெடிப்போ இருப்பின் சீறுஞ்சத்தம் கேட்கும். அப்போது உருளையை மூடி, எஞ்சிய காற்றை வெளியேற்றி, பள்ளத்தைக் கீறாமல் பழைய வளையத்தை எடுத்து, உப்பும் மணலும் துடைத்து, அளவொத்த புதியதை இடவேண்டும். மீண்டும் திறந்து, சத்தமில்லை என்று தெளிந்த பின்னரே நீரில் இறங்கவேண்டும். ரெகுலேட்டரின் உள்ளுறுப்புகளைத் திறப்பதோ பயின்றவர் வேலை. வளையத்தின் விலை அற்பம். அதை அசட்டை செய்வதன் விலை அற்பமன்று.

இச்சரித்திரம் கடலோரத்தார்க்கு மட்டும் உரியதன்று. நம் ரப்பர் ஆலையில் உருளை யந்திரத்தருகே நிற்பவன், "இந்த ஆணி ஆடுதுங்க" என்று சொல்லும்போது, "உனக்கென்ன தெரியும்?" என்று கேட்பது எளிது. அந்த ஆணியைப்பற்றி அவனுக்கே தெரியும். நாள் முழுதும் அதனருகே நிற்பவன் அவன்தானே. கிராணியாயினும் துரையாயினும் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்து எழுந்துசென்று பார்க்கட்டும். தச்சன் சொல்லைத் தள்ளியதாகக் கூறப்படும் அதிகாரிக்கும் அன்று அவகாசம் இருந்தது. ஆற்றங்கரையிலிருந்து தோல்வியோடு திரும்பிய கூஸ்டோவும் காஞ்ஞானும், கருவியைத் தூக்கியெறியாமல், எங்கே பிழை என்று கேட்டனர். அக்கேள்வியைக் கேட்கும் பழக்கம் நம் ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேரூன்றுவதாக.