பல்கிவாலா, நானி (1920–2002)

மும்பையில் பிறந்த பார்சி வழக்கறிஞர்; அரசியல் சட்ட வல்லுநர், நிறுவன இயக்குநர், தூதர். சிறுவயதில் திக்குவாய் இருந்தது. தூய சவேரியார் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபின் சட்டத்துக்கு வந்து, ஜம்ஷெட்ஜி காங்காவிடம் தொழில் பயின்றார். இருவரும் சேர்ந்து எழுதிய வருமான வரிச் சட்ட நூல் (1950) வரி வழக்கறிஞர்களின் மேசையில் இன்றும் இருக்கிறது.

வங்கி நாட்டுடைமை வழக்கில் (1970) வென்றார். 1971 விமானக் கடத்தலுக்குப் பின் பாகிஸ்தான் விமானங்களுக்கு வான்வழி மறுக்கப்பட்ட தகராறில், இந்தியாவுக்காக உலக நீதிமன்றத்தில் வாதாடினார். 1972 தீர்ப்பு இந்தியாவுக்குச் சாதகமாக இல்லை.

அவர் பெயரை நிலைநிறுத்தியது கேசவானந்த பாரதி வழக்கு. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 7–6 என்ற நூலிழைப் பெரும்பான்மை. அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் குலைக்கலாகாது என்று 1973 ஏப்ரல் 24-ல் தீர்ப்பானது. 1975 ஜூனில் இந்திரா காந்தியின் தேர்தல் மேல்முறையீட்டில் அவருக்காகவே வாதாடினார். அடுத்து நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதும் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில், கேசவானந்த தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கூடிய அமர்வின் முன் அவர் எடுத்துவைத்த வாதமே வாழ்நாளின் உச்சம் என்பார் உண்டு. இரண்டே நாளில் அமர்வு கலைக்கப்பட்டது.

ஜனதா அரசு அவரை அமெரிக்கத் தூதராக்கியது (1977–79). டாடா குழும நிறுவனங்களில் இயக்குநர், ஏ.சி.சி. சிமென்ட் தலைவர். சிறு ஓட்டல் கூடமொன்றில் தொடங்கிய அவரது பட்ஜெட் உரை பின்னர் பிராபோர்ன் மைதானத்தை நிரப்பியது. வரவுசெலவுக் கணக்கைக் கேட்க மைதானத்தில் கூட்டம் கூடியது மும்பைக்கே உரிய விந்தை. சென்னை சங்கர நேத்ராலயாவுக்கு 2 கோடி ரூபாய் வழங்கினார்.