தமிழ்நாட்டில் கபடிப் பயிற்சியின் வரலாறு

கபடி, அணிக்கு ஏழு பேர் கொண்டு ஆடப்படும் தொடு விளையாட்டு ஆகும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இது சடுகுடு என்று வழங்கிவந்தது. 'கைபிடி' என்பதே கபடி என மருவியது என்ற கருத்தும் உண்டு. இவ்விளையாட்டின் விதிகள் மாறியபோதெல்லாம் இளையோர் அதனைக் கற்கும் முறையும் மாறிவந்துள்ளது.

ஊர்த்திடலில் கற்றல்

திருவண்ணாமலை உள்ளிட்ட பல மாவட்டங்களின் சிற்றூர்களில் பொங்கலையொட்டிக் கபடிப் போட்டிகள் நடப்பது வழக்கம். உழுத வயலும் ஆற்றுமணலும் ஊர்ப் பொட்டலுமே பழைய ஆடுகளங்கள். தனிப் பயிற்றுநர் இல்லை. மூத்தவர்கள் ஆடுவதைப் பார்த்து இளையவர்கள் கற்றனர். மூச்சு விடாமல் பாடிச் சென்று தொட்டுத் திரும்புவதே ஆட்டம் என்பதால் மூச்சுப் பயிற்சி முதலிடம் பெற்றது.

விதிகள் உருவான காலம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராட்டிரப் பகுதியில் இவ்விளையாட்டுக்கு எழுத்து வடிவ விதிகள் வகுக்கப்பட்டன. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த உடற்பயிற்சிக் கழகம் கபடியை ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டபோது இந்தியா தங்கம் வென்றது.

அடிப்படைத் திறன்கள்

பாடிச் செல்பவர் ரைடர் எனப்படுகிறார். கையால் தொடுதல், காலை நீட்டி விரல்நுனியால் தொடுதல், பின்னுதைத்துத் தொடுதல் ஆகியவை அவருக்கான தொடக்கப் பாடங்கள். பிடிப்பவர்கள் கணுக்கால் பிடி, தொடைப்பிடி, வழிமறித்தல், மோதிக் களத்துக்கு வெளியே தள்ளுதல் ஆகியவற்றைக் கற்கின்றனர். பாடும் விதி நீடித்தாலும், இன்று ஒரு ரைடுக்கு 30 வினாடியே அளிக்கப்படுகிறது. எனவே மூச்சுடன் வேகமும் நேரக் கணக்கும் பயிற்சியில் சேர்ந்துள்ளன.

அணி உத்தி

தற்காப்பு அணியின் இரு ஓரங்களிலும் கார்னர்கள் நிற்பர். உட்புறத்தில் கவர்கள் நிற்பர். ரைடர் ஒரு கார்னரை நோக்கித் திரும்பும்போது, மறுபக்கத்தினர் அரைவட்டமாக நகர்ந்து அவர் திரும்பும் வழியை அடைக்கின்றனர். இருவர் கைகோத்து நிற்பது சங்கிலி எனப்படும். பிடியில் ஈடுபட்டவர்களிடமிருந்து ரைடர் தப்பி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், அவரைத் தொட்ட அனைவரும் ஆட்டமிழப்பர். ஒருவரின் அவசரம் மூவரை வெளியேற்றக்கூடும். ஆகவே தனித்திறனைவிட ஒத்திசைவுக்கே பயிற்சியில் நீண்ட நேரம் ஒதுக்கப்படுகிறது.

மண்ணும் விரிப்பும்

பெரிய போட்டிகள் மண்ணிலிருந்து செயற்கை விரிப்புக்கு மாறியதும் புதிய சிக்கல் எழுந்தது. விரிப்பில் காலணி தேவை. கால் ஊன்றும் முறையும் திரும்பும் வேகமும் வேறுபடும். மண்ணில் மட்டும் பழகிய இளையோர் தேர்வுக் களத்தில் முதன்முறையாக விரிப்பில் ஆட நேரும்போது பின்தங்க வாய்ப்புண்டு. விரிப்பும் காலணியும் விலை மிகுந்தவை என்பதால் ஏழை மாணவர்களே இதனால் மிகுதியும் பாதிக்கப்படுகின்றனர்.

சமூகப் பங்கு

கபடி பல குடும்பங்களுக்கு அரசு வேலைக்கும் கல்லூரி இடத்துக்கும் வழியாக இருந்துவருகிறது. தூத்துக்குடி மாவட்டம் மணத்தியைச் சேர்ந்த கணேசன் 1994 ஹிரோசிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அருச்சுனா விருது பெற்றார். அவரது வாழ்க்கையைத் தழுவி 2025இல் வெளிவந்த 'பைசன்' திரைப்படம், சாதிப் பகை நிலவும் ஊரில் ஓர் இளைஞன் அணியில் இடம்பெறப் போராடுவதைக் காட்டியது. தஞ்சாவூர் மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணியின் தலைவராகப் புரோ கபடி கோப்பையை வென்றார்.

2025 அக்டோபரில் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியச் சிறுவர், சிறுமியர் அணிகள் இரண்டும் தங்கம் வென்றன. சிறுமியர் அணியின் துணைத் தலைவரான கார்த்திகா சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்தவர். நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் மீள்குடியேற்றப்பட்ட இடம் அது. சிறுவர் அணியில் ஆடிய அபினேசு திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்தவர். திறன் எங்கும் உண்டு. அதனை வளர்க்கும் களமும் பயிற்றுநரும் எங்கும் கிடைப்பதே தமிழ்நாட்டுக் கபடியின் அடுத்த தேவையாக உள்ளது.