பார்க்காமல் தொடங்கிய பாடம்

1901 ஆகஸ்ட் 21 அன்று தாமஸ் என்ற அமெரிக்க ராணுவக் கப்பல் பிலிப்பைன்ஸின் மணிலா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் சுமார் ஐந்நூறு ஆசிரியர்கள் இருந்தார்கள். கப்பலின் பெயரே ஒட்டிக்கொண்டு, பின்னாளில் அவர்களைத் தாமசைட்டுகள் என்று அழைத்தார்கள். அவர்கள் வருவதற்கு ஏழு மாதம் முன்பே, ஜனவரி 21 அன்று அங்கிருந்த அமெரிக்க ஆட்சி நிறைவேற்றிய 74ஆம் எண் சட்டம், அரசுப் பள்ளிகளின் பாடமொழி கூடிய விரைவில் ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டது. எந்தத் தீவில் பிள்ளைகள் என்ன மொழி பேசுகிறார்கள், ஏற்கெனவே என்ன படித்திருக்கிறார்கள், எத்தனை ஆண்டு பள்ளிக்கு வருவார்கள் என்பதையெல்லாம் அறிவதற்கு முன்பே விடை எழுதியாயிற்று. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர் முதலில் உள்ளூர்ப் பள்ளி ஒன்றின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்று இன்று அறிவுரை சொல்கிறார்கள். பலரும் இதை ஒரு மரியாதைச் சடங்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். பிலிப்பைன்ஸின் அரை நூற்றாண்டுக் கல்வி வரலாற்றைப் படித்தால், கற்பித்தல் அந்தக் கடைசி வரிசையிலிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கருடனான போர் ஓயாத நாட்டில், பல பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில், போய்ப் பார்க்க என்ன இருந்தது என்று கேட்கலாம். நிறையவே இருந்தது. 1863இல், அப்போது நாட்டை ஆண்ட ஸ்பானிய அரசு பிறப்பித்த ஆணை ஊருக்கு ஊர் ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றும் பெண்பிள்ளைகளுக்கு ஒன்றுமாகத் தொடக்கப்பள்ளி வேண்டும் என்றது. இரண்டு ஆண்டுகளில் மணிலாவில் இயேசு சபையினர் பொறுப்பில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும் வந்தது. ஆணை சொன்னதெல்லாம் நடந்துவிடவில்லை. ஆனாலும் அரிச்சுவடியும் ஞானோபதேசமும் கையிலிருக்க, பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்கப் படித்து மனப்பாடம் செய்யும் வகுப்பு ஒன்று பல ஊர்களில் பழக்கத்தில் இருந்தது. பலர் தங்கள் தாய்மொழியிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள். உள்ளூர் ஆசிரியர்களும் இருந்தார்கள். புதிதாக வந்தவர்களின் காதுக்கு அந்த வகுப்பு வெறும் இரைச்சலாகப் பட்டிருக்கலாம். ஆனால் எழுத்தறிவு என்ற பாதிப் பாலம் அங்கே கட்டி முடிந்திருந்தது. ஆங்கிலத்தை அதன் மேல் கொண்டு போயிருக்கலாம்.

அதற்குப் பதிலாக அமெரிக்காவில் அச்சான பால்ட்வின் வாசக நூல்கள் வந்தன. ஆப்பிளையும் பனிப்பொழிவையும் கண்டிராத ஒரு பிள்ளை, தெரியாத பொருளைத் தெரியாத மொழியில் ஒரே சமயத்தில் படிக்க வேண்டியிருந்தது. இதை முதலில் உணர்ந்தவர்கள் வகுப்பறையில் நின்ற ஆசிரியர்களே என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பனாய் தீவின் காப்பிஸ் ஊரில் பணியாற்றிய அமெரிக்க ஆசிரியை மேரி ஃபீ, பின்னர் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே தொடக்க வாசகம் எழுதியவர்களில் ஒருவர். 1920களில் பிலிப்பினோ கல்வியாளர் கமிலோ ஒசியாஸின் வாசகங்கள் உள்ளூர்க் கதைகளையும் மனிதர்களையும் பாடத்துக்குள் கொண்டுவந்தன. பாடப்புத்தகம் மாறியது, பாடமொழி மாறவில்லை.

பள்ளிகளை முறையாகச் சென்று பார்க்கும் வேலை 1925இல்தான் நடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் மன்றோ தலைமையிலான குழு பல்லாயிரம் மாணவர்களைச் சோதித்தது. ஆங்கில வாசிப்பில் அவர்கள் அமெரிக்க மாணவர்களைவிட ஆண்டுக் கணக்கில் பின்தங்கியிருந்தார்கள். மொழி அதிகம் தேவைப்படாத கணக்கில் அவ்வளவு பின்தங்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நான்காம் வகுப்பைத் தாண்டவும் இல்லை. மூன்று நான்கு ஆண்டில் நின்றுவிடும் பிள்ளைக்கு அரைகுறை ஆங்கிலத்தால் என்ன பயன்? இந்தக் கேள்வியை 1901லேயே கேட்டிருக்கலாம். இத்தனையையும் கண்ட குழு ஆங்கிலமே பாடமொழியாகத் தொடரட்டும் என்றது எனக்கு வருத்தம் தருகிறது. நாட்டில் பல மொழிகள் இருந்ததும் அவற்றில் புத்தகங்கள் குறைவாக இருந்ததும் அன்று வலுவான காரணங்களாகத் தெரிந்திருக்கும். ஆங்கிலம் வேரூன்றத்தானே செய்தது என்பாரும் உண்டு. 1939 கணக்கெடுப்பில் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் என்று பதிவானது உண்மைதான். நாற்பது ஆண்டுக்குள் அது சிறிய காரியமல்ல. மீதி மூவர் பள்ளியிலிருந்து என்ன பெற்றார்கள் என்பதற்கு அந்த எண்ணிக்கை பதில் சொல்லாது.

பார்ப்பது மட்டும் போதுமா என்பது இன்னும் கூர்மையான மறுப்பு. 1961 அக்டோபரில் அமெரிக்க அமைதிப் படையின் முதல் தொண்டர்கள் பிலிப்பைன்ஸ் கிராமப் பள்ளிகளுக்கு வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது கல்வி உதவியாளர் பொறுப்பு. வகுப்பை நடத்த உள்ளூர் ஆசிரியர் இருந்தார்; தொண்டர் அவருக்குத் துணை. தங்கள் வேலை இன்னதென்று வரையறுக்கப்படவில்லை என்று பலர் மனம் சோர்ந்தார்கள். அந்தச் சோர்வு நியாயமானதே. கண்டதை வைத்து எதையும் மாற்ற வழியில்லாவிட்டால் கவனிப்பது காத்துக் கிடப்பதாகிவிடும். ஆனால் பார்த்ததைப் பாடமாக மாற்றும் அதிகாரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அதற்குள் அந்நாட்டவரே காட்டியிருந்தார்கள். மேரி ஃபீ பணியாற்றிய அதே பனாய் தீவில், இலோய்லோ மாகாணக் கல்விக் கண்காணிப்பாளர் ஹோசே அகிலார் 1948 முதல் 1954 வரை ஒரு சோதனை நடத்தினார். ஒரு பகுதிப் பிள்ளைகள் முதல் இரண்டு வகுப்புகளைத் தாய்மொழியான ஹிலிகைனோனில் படித்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல ஆங்கிலத்தில். வாசிப்பிலும் கணக்கிலும் சமூகப் பாடத்திலும் முதல் குழுவே முந்தியது. மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறிய பின் ஆங்கிலத்திலும் அவர்கள் மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள். 1957இல் அரசு முதல் இரண்டு வகுப்புகளின் பாடமொழியாக வட்டார மொழிகளை ஏற்று, அந்த வகுப்புகளில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் வைத்தது.