புஜைராக் கோட்டையும் ஒரு மர்மச் சிறுகதையும்

உள்ளூர் வரலாற்றிலிருந்து மர்மச் சிறுகதை எழுத முதலில் தேவைப்படுவது, ஆவணங்கள் விடை சொல்லாத ஒரு கேள்வி. தமிழில் நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஆதித்த கரிகாலனின் கொலை. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, கொலையில் தொடர்புடைய துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிப்பிடுகிறது. ஏன் கொன்றார்கள், பின்னால் நின்றவர் யார் என்பதை அது சொல்லவில்லை. கல்கி 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' அந்த மௌனத்துக்குள் புகுந்து எழுதப்பட்டது.

அவ்வளவு பெரிய நாவல் நமக்கு வேண்டாம். ஓர் இடம், ஒரு பொருள், மூன்று நான்கு பேர் போதும். புஜைராவில் வளரும் எம் பிள்ளைகளுக்கு அப்படியான இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. நகருக்கு வடக்கே பித்யாவில், நடுவே ஒரேயொரு தூண் தாங்கி நிற்கும் சிறிய பழைய பள்ளிவாசல் உண்டு. ஆய்வாளர்கள் அதன் காலத்தை 15ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். கட்டியவர் யாரென்று தெரியாது.

எமக்குக் கூடுதலாகப் பிடித்தது புஜைராக் கோட்டை. 1925இல் பிரித்தானியரின் 'லோரன்ஸ்' என்ற கப்பல் கடலில் நின்று சுட்டதில் அதன் மூன்று கோபுரங்கள் சிதைந்தன. இதை வைத்து ஒரு கதை பின்னிப் பார்ப்போம். 1970களில் ஒரு முதியவர் பேரப்பிள்ளைகளிடம் ஒரு பெட்டியைக் கொடுக்கிறார். கப்பல் வருவதற்கு முந்தைய இரவு பூட்டியது, அதன்பின் யாரும் திறக்கவில்லை என்கிறார். உள்ளே ரூபாய்த் தாள்கள். வளைகுடாவில் அந்நாளில் இந்திய ரூபாய் புழங்கியதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் தாளின் நிறம் வழக்கமானதல்ல; தொடர் இலக்கத்தின் முன்னே 'இசட்' எழுத்து இருக்கிறது. வளைகுடாவில் மட்டும் செல்லும்படி இந்திய ரிசர்வ் வங்கி அவற்றை வெளியிட்டது 1959இல்! பெட்டியை இடையில் யாரோ திறந்திருக்கிறார்கள். முதலில் உள்ளே இருந்தது என்ன?

நிறத்தையும் எழுத்தையும் வாசகர் கண்ணில் தொடக்கத்திலேயே காட்டிவிட வேண்டும். கடைசிப் பந்தியில் திடீரென எடுத்து நீட்டினால் அது ஏமாற்று வேலை. துப்பு அந்த இடத்துக்கும் காலத்துக்கும் உரியதாக இருக்கவேண்டும். எந்த ஊருக்கும் பொருந்தும் கைரேகையும் விஷக் கோப்பையும் எதற்கு?

கதைக்களம் ஈழமானால் இன்னொரு கவனம் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் படங்களுடன் தெருவில் நிற்கிறார்கள். அவர்களின் கேள்வியை எடுத்து, பத்தாம் பக்கத்தில் முடிச்சை அவிழ்த்துக் காட்டும் கதையை நாம் எழுதச் சொல்லமாட்டோம். டச்சுக் கோட்டைகளும் பழைய துறைமுகங்களும் தாராளமாக இருக்கின்றன.

கதையின் அடியில் எது உண்மை, எது கற்பனை என்று இரண்டு வரி எழுதுவதும் அவசியம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களையும் சுவடிகளையும் இழந்தவர்கள் நாம். சரிபார்க்க ஏடு இல்லாத இடத்தில், நன்றாக எழுதப்பட்ட கதை அடுத்த தலைமுறைக்குள் வரலாறாகிவிடும். மேலே சொன்ன கதைக்கு இப்படி எழுதலாம்: கப்பலும் கோபுரங்களும் ரூபாய்த் தாளும் உண்மை; பெட்டியும் முதியவரும் கற்பனை.