ரவென்னா: கலையும் கட்டடங்களும்

இத்தாலியின் வடகிழக்கில், ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டிய சமவெளியில் இருக்கும் பழைய நகரம் ரவென்னா. இதன் தேவாலயங்களை வெளியே நின்று பார்த்தால் வெறும் செங்கல் சுவர்கள்தான் தெரியும். அழகெல்லாம் உள்ளே மொசைக் ஓவியங்களில் இருக்கிறது.

கி.பி. 402இல் பேரரசர் ஹொனோரியஸ் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரை மிலானிலிருந்து இங்கே மாற்றினார். சுற்றியிருந்த சதுப்பு நிலம் பகைவரைத் தடுத்தது. பக்கத்தில் கிளாஸ்ஸே துறைமுகமும் இருந்தது. அவருடைய சகோதரி காலா பிளாசிடியாவின் பெயரைத் தாங்கிய சிறிய கல்லறை மண்டபம் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கருநீல விதானம் முழுக்கப் பொன் விண்மீன்கள். ரவென்னாவில் ஒன்றை மட்டுமே பார்க்க நேரமிருந்தால் இதைத்தான் பார்க்க வேண்டும். வண்ணக் கண்ணாடிச் சில்லுகளையும் பொன்தகடு பொதிந்த சில்லுகளையும் ஈரச் சாந்தில் பதிப்பது இக்கலையின் முறை. அவை ஒரே மட்டமாக அமையாததால், பார்ப்பவர் நகரும்போது சுவரும் மினுங்குகிறது.

493இல் நகரைக் கைப்பற்றிய கோத்திய மன்னர் தியோடரிக், கத்தோலிக்கர் ஏற்காத ஆரியுஸின் போதனையைப் பின்பற்றிய கிறிஸ்தவர். சாந்த் அப்போலினாரே நுவோவோ தேவாலயத்தை அவர் தமது அரண்மனைக்கென எழுப்பினார். 540இல் நகரம் கிழக்கு ரோமப் பேரரசினரான பைசாந்தியர் கைக்குப் போனது. பின்னர் அத்தேவாலயம் கத்தோலிக்கருக்கு மாறியபோது, அதன் மொசைக்கில் அரண்மனைக் காட்சியிலிருந்த மனித உருவங்களைப் பெயர்த்துவிட்டுத் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின்மேல் படிந்திருந்த கைகள் சில தப்பிவிட்டன. உடலின்றித் தூணைப் பற்றியிருக்கும் அந்தக் கைகளைவிட அக்கால மதப்பூசலுக்கு வலுவான சான்று வேறில்லை. தியோடரிக்கின் கல்லறைக்குக் கூரை ஒரே கல். விட்டம் சுமார் 10 மீட்டர், எடை 200 டன்னுக்கும் மேல்.

எண்கோண வடிவிலான சான் விட்டாலே தேவாலயம் 547இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஜூலியானுஸ் என்ற செல்வர் பணம் கொடுத்தார். அதன் பலிபீடப் பகுதியில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டீனியனும் அரசி தியோடோராவும் பரிவாரத்தோடு எதிரெதிர்ச் சுவர்களின் மொசைக்குகளில் நிற்கிறார்கள்; இருவரும் ரவென்னாவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. சார்லமேன் ஆஹனில் கட்டிய தேவாலயத்துக்கு இதுவே முன்மாதிரி எனக் கருதப்படுகிறது.

751இல் லொம்பார்டியர் பிடித்தபின் நகரின் அரசியல் செல்வாக்கு மங்கியது. கவிஞர் தாந்தே 1321இல் இங்கேதான் இறந்தார். அவருடைய இன்றைய கல்லறை 1780களில் கட்டப்பட்டது. 5ஆம் நூற்றாண்டின் தலைமைப் பேராலயத்தை 18ஆம் நூற்றாண்டில் இடித்துப் புதிதாகக் கட்டியது பெரும் இழப்பு. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் சான் ஜோவான்னி தேவாலயம் கடுமையாகச் சேதமடைந்தது. எஞ்சியவற்றில் 8 கட்டடங்களை யுனெஸ்கோ 1996இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிலம் தாழ்ந்துவருவதால், நிலத்தடி நீரிலிருந்து இவற்றைக் காப்பதே இன்றைய பெரும்பணி.